குழாய்களின் மேல் அமர்ந்திருந்தோம்

கடைக்காரர் கதவைச் சாத்துகிறார்; ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார்; நெசவாளர் தறியைவிட்டு எழுகிறார். அவர்களுக்கு வேலைநிறுத்தம் அவ்வளவில் தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்க்கு அப்படி நிறுத்துவதற்குக் கைக்கெட்டும் பொருள் ஒன்றும் இல்லை. தம் குரலைத்தான் அவர் நிறுத்த வேண்டும். அது எத்துணை அரிய செயல் என்பதை, எண்பதுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒரு வேலைநிறுத்தத்தின்போது, பள்ளி வாயிலுக்கு எதிரே கிடந்த சிமெண்டுக் குழாய்களின் மேல் அமர்ந்து அறிந்துகொண்டேன்.

தாம்பரத்திற்குக் கிழக்கே, மேடவாக்கம் செல்லும் சாலையிலிருந்து சற்றே விலகி இருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் அப்போது தமிழாசிரியன். பள்ளிக்கு முன்னால் குடிநீர்க் குழாய் பதிக்கப்போகிறோம் என்று சொல்லி இறக்கிவிட்டுப்போன பெரிய சிமெண்டுக் குழாய்கள், பதிப்பவர் ஒருவரும் வராமல் நெடுங்காலம் கிடந்தன. மழைநாளில் அவற்றுள் நாய்கள் குட்டி போடும். வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவையே எங்களுக்கு இருக்கைகளாயின. வரிசையாகக் கிடந்த அக்குழாய்களில் யார் எதில் அமர்வது என்பதுகூட இரண்டாம் நாளே முடிவாகிவிட்டது. ஆசிரியர் அறையில் அவரவர்க்கு இருந்த இடவரிசை அப்படியே வெளியே வந்து படிந்தது.

முதல் நாள் காலையில் இறைவணக்க மணி அடித்தபோது நாங்கள் அனைவரும் எழுந்து நின்றோம். எவரும் சொல்லவில்லை, கால்கள் தாமாக எழுந்தன. நின்றபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல அமர்ந்தோம். நண்பகல் மணி அடிக்கும்வரை சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் இரைந்து செல்லும்போது வகுப்பில் பேச்சை நிறுத்திக் காத்திருப்பது எங்கள் பள்ளி ஆசிரியர் அனைவர்க்கும் ஊறிய பழக்கம். குழாய்களின் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போதும் விமானம் வந்தால் வாய்மூடிக் காத்திருந்தோம். சாலையில் போவோர்க்கு நாங்கள் ஏதோ அஞ்சலி செலுத்துவதுபோலத் தோன்றியிருக்கக்கூடும்.

பொழுதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் கழித்தனர். விலங்கியல் ஆசிரியை நூலும் கொக்கி ஊசியும் கொண்டுவந்து மேசைவிரிப்புப் பின்னினார். இருவர் முற்பகல் முடிந்ததும் பெரும்பாக்கத்தின் பக்கம் வீட்டுமனை பார்க்கப் போய்விடுவர். ஒருவர் கோவளம் வரை பேருந்தில் போய் மீன் வாங்கி வந்து, பனை ஓலைப் பையை எங்கள் மூக்கருகே வைத்துவிட்டுப் போராட்டத்தின் நியாயத்தை விளக்கினார். ஓவிய ஆசிரியர் பதாகை எழுதுவதற்கு அளவுகோலால் கோடிட்டு, எழுத்தின் உயரத்தை அளந்து, நிழல் தீட்டி, ஒரு பதாகையை முடிப்பதற்குள் கோரிக்கையே மாறிவிட்டது.

முழக்கங்களை இயற்றும் பொறுப்பு என்னுடையது. நான் எழுதியவற்றில் எதுகை இருந்தது, மோனை இருந்தது; ஒரே மூச்சில் கூவ இயலாத நீளமும் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அவர் அந்த ஊர்க்காரர். பாட்டன் உழுத நிலத்தின் ஒரு துண்டில்தான் எங்கள் விளையாட்டுத் திடலே இருந்தது.

“ஐயா, இத்தச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மந்திரி காரு செங்கல்பட்டு தாண்டிப் பூடும். நாலு வார்த்தையில குடுங்கய்யா,” என்றார்.

நான்கு வார்த்தையில் கொடுத்தேன். அதுதான் கடைசிவரை முழங்கியது.

எங்கள் ஆசிரியர் சங்கக் கிளையின் செயலாளர் கணக்காசிரியர். மெலிந்த உருவம், உரத்த குரல், மாணவர்களை அவர் அடித்ததில்லை, அடிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. பத்தாம் வகுப்புக்கு அவரே வகுப்பாசிரியர். பொதுத்தேர்வு நெருங்கிவரும் பருவத்தில் வகுப்பைவிட்டு வெளியே வந்தது அவருக்குத்தான் அனைவரினும் கடினமாக இருந்திருக்க வேண்டும். அவர் அதைச் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பின் சன்னல்கள் சாலையைப் பார்த்தவை. அவற்றுக்கு நேர் எதிரே கிடந்த குழாயைத் தமக்கென்று தேர்ந்துகொண்டார், அவ்வளவே.

அங்கே எங்களிடையே ஒரு வழக்கம் பிறந்தது. அது பிறந்தது தற்செயல்தான். தலைமையாசிரியர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. திறவுகோல் அவரிடம் இருந்தமையால் சேரவும் இயலாது. அவர் ஒருநாள் காலை மிதிவண்டியில் வந்து இறங்கியபோது நாங்கள் பழக்கத்தால் எழுந்து, “வணக்கம் ஐயா” என்றோம். அவரும் பழக்கத்தால், “உக்காருங்க, உக்காருங்க” என்று கையமர்த்திவிட்டு, அதன்பின் நாணி, தலைகுனிந்து உள்ளே போனார். நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு மறுநாளே கருவியாயிற்று. வேலைநிறுத்தத்தில் சேராத வரலாற்று ஆசிரியர் ஒருவர் வாயிலை நெருங்கியபோது உடற்கல்வி ஆசிரியர், “கிளாஸ், ஸ்டாண்ட்!” என்றார். எல்லாரும் எழுந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இழுக்கும் இராகத்தில், “வணக்கம் ஐ...யா...” என்று பாடினோம். வசைச்சொல் ஒன்றும் இல்லை, கைகூட ஓங்கவில்லை. அவர் இரண்டு காலைகள் அதைப் பொறுத்தார். அடுத்த காலையில் வாயில்வரை சென்றவர் திரும்பி வந்து எங்கள் குழாய் ஒன்றில் அமர்ந்தார்.

“கல்லெடுத்து அடிச்சிருந்தாகூட உள்ள போயிருப்பேன்,” என்றார்.

பின்னர்க் கல்வி அலுவலகம் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தத் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்புக்காகக் காத்திருந்தோர் ஊரெங்கும் இருந்தனர். எங்கள் பள்ளிக்கு முதலில் வந்தவர் ஓர் இளைஞர். புதுச்சட்டையின் மடிப்புக் கலையவில்லை. நாங்கள் எழுந்து அந்த வணக்கத்தைப் பாடினோம். அவர் வாயிலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார். அவர் திரும்பி வரவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மகிழ்ந்தார். கணக்காசிரியரும் அன்று எங்களோடு எழுந்து பாடியவர்தாம்.

அடுத்த சில நாள்களில் ஒரு மாலை, கலைந்து செல்லும் நேரத்தில், கணக்காசிரியர் எங்களை நிறுத்தினார்.

“நாளைக்கு இன்னொரு ஆள் வருது.”

“வரட்டும் சார். ரெண்டு நாள் தாங்காது,” என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

“வர்றது என் பொண்ணு.”

மீன்பையோடு நின்றவர் அதைக் கீழே வைத்தார்.

“இன்னா சார் சொல்றீங்க?”

“ஆர்டர் வந்திருக்கு. என் கிளாஸுக்குத்தான் போட்டிருக்காங்க. டென்த் மேத்ஸ்.”

“வேணும்னே பண்ணிகிறானுங்க சார். உங்கள மடக்கறதுக்கு.”

“இருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் வர்றா.”

“போவாதன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போவுமா அந்தப் பொண்ணு?”

“சொல்லல.”

“வூட்டுக் கதவையே சாத்த முடியலன்னா இஸ்கூல் கேட்ட இன்னாத்த சார் சாத்தறது?”

அந்தச் சொல் அவரைத் தைத்திருக்கும். அவர் தம் குரலை உயர்த்தவில்லை. “அவ பி.எட். முடிச்ச வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு ரினீவலுக்கும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸுக்கு நான்தான் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன். முதல் முதலா ஒரு ஆர்டர் வந்திருக்கு. போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்காக நான் உள்ள போகப்போறதும் இல்ல. நம்ம வழக்கம் எதுவோ அத அவளுக்கும் செய்யுங்க,” என்றார்.

அவர் வீடு பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். என் வீட்டிற்கும் அதே வழி. அன்று பொழுது சாயுமுன் அவரோடு நடந்தேன். அவர் வீட்டின் முன்னறையில் அவர் மகள் பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் வட்டங்கள் வரைந்துகொண்டிருந்தார். கவராயம் இல்லாமல் வெறுங்கையால் வரைந்தார். கரும்பலகையில் அப்படி வரைய வேண்டிவந்தால் கைக்குப் பழக வேண்டும் என்பதற்காக. தந்தை உள்ளே போய்விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“என்னைத் தடுக்க வந்தீங்களா ஐயா?” என்று கேட்டார் மகள்.

“இல்லம்மா. கூட நடந்து வந்தேன்.”

“வெளில என்ன பாடுவீங்கன்னு கேள்விப்பட்டேன். பாடுங்க. நான் குரோம்பேட்டைல நர்சரியில வேலை பாக்கறேன் இல்ல, அங்க தெனமும் அதே ராகத்துலதான் வணக்கம் வாங்கறேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ரைம்ஸ் சொல்லிக் குடுக்கறேன் ஐயா. கையத் தட்டு, தலையத் தொடு. நான் படிச்சது கணக்கு. ஒரு தடவ பெரிய பசங்க முன்னாடி நின்னு ஒரு தியரம் நடத்தணும். நடத்திட்டா நான் டீச்சரா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சுடும். இப்ப போறவங்கள பின்னாடி நிரந்தரத்துக்கு முதல்ல எடுப்பாங்கன்னும் சொல்றாங்க.”

“சொல்றத நம்பறியா?”

“பாதி.”

காப்பி கொண்டுவந்த அவர் தாய், அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆர்டர் வந்ததுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல ஐயா. ஒரே கொழம்பத்தான் ஊத்திக்கறாங்க. உப்பு வேணும்னா என்கிட்ட கேக்கறாங்க,” என்றார்.

மறுநாள் காலையில் மகள் வந்தார். வெளிர்நீலப் புடவை; கையில் குடை; வெயில் ஏறாத வேளையாதலால் அது மடக்கியே இருந்தது. சாலை வளைவில் அவர் தோன்றியதும் உடற்கல்வி ஆசிரியர் எழுந்து நின்றார். வாய் திறந்தது; கட்டளை வரவில்லை. செயலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். நாங்கள் எவரும் எழவில்லை.

எழுந்தவர் கணக்காசிரியர். குழாயின்மேலிருந்து இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, நேராக நின்றார். மகள் எதிரே வந்ததும், “வணக்கம் டீச்சர்,” என்றார். இராகம் இழுக்கவில்லை, வகுப்பில் பேசும் குரலில், ஒருமுறை.

மகள் நின்றார். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “வணக்கம் சார்,” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

நெடுநேரம் கழித்து உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: “சார், நீங்க சொன்னது கிண்டலா, மரியாதையா?”

“உங்களுக்கு எப்படிப் பட்டுது?”

“ரெண்டும் படல சார். எனக்கு பயமா பூட்சி.”

அன்று முதல் எதிர்ச் சன்னலிலிருந்து மகளின் குரல் எங்களுக்குக் கேட்கலாயிற்று. தொடக்கத்தில் அது சிறுகுழந்தைகளுக்குப் பேசிப் பழகிய குரலாக, ஒவ்வொரு தொடரின் முடிவிலும் சற்றே உயர்ந்து இனித்தது. பையன்கள் அதைத் தமக்குள் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். கணக்காசிரியர் தம் குழாயில் அமர்ந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். பக்கம் புரளவில்லை.

எங்கள் பள்ளிப் பையன்களிடம் ஒரு சூழ்ச்சி உண்டு. விமானம் இரையும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்துவார் அல்லவா. அது கடந்து சென்றபின், வாயை மூடிக்கொண்டு அதே சுருதியில் மூக்கால் முரலுவார்கள். இரைச்சல் இன்னும் ஓயவில்லை என்று எண்ணிப் புதிய ஆசிரியர் காத்துக்கொண்டே நிற்பார். முகங்கள் எல்லாம் பாடம் கேட்க ஆவலாயிருப்பனபோல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பணியில் சேர்ந்த புதிதில் நான் ஒரு பாடவேளையில் கால்பங்கை இப்படி இழந்திருக்கிறேன். அந்த இளம் ஆசிரியைக்கு அது எப்படித் தெரியும்?

வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தொடுகோட்டின் இலக்கணத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். விமானம் வந்தது. நிறுத்தினார். நாங்களும் நிறுத்தினோம். வானம் தெளிந்து, விமானம் வண்டலூர்க் குன்றுகளின் பக்கம் புள்ளியாகி மறைந்தபின்னும் வகுப்பிலிருந்து அவ்வொலி வந்துகொண்டேயிருந்தது. சன்னலின் வழியாக அவர் சுண்ணக்கட்டியை விரலிடையே உருட்டியபடி பொறுமையாக நிற்பது தெரிந்தது. ஒலி நீண்டது. இடையிடையே அடக்கிய சிரிப்பு அதில் கலந்தது. அவர் வானத்தை நோக்கினார், வகுப்பை நோக்கினார், முகம் வெளிறிற்று.

“டேய், கடைசி பெஞ்ச்! பிளேன் போயாச்சு. வாயத் தொற!”

குரல் கணக்காசிரியருடையது. செய்தித்தாள் மண்ணில் கிடந்தது. அவர் சாலையின் நடுவில் நின்றிருந்தார். வகுப்பு அந்தக் கணமே அடங்கிற்று. அடுத்த அறைகளும் அடங்கின. ஆசிரியர் இல்லாமல் திடலில் ஓடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். பள்ளி முழுவதும் அத்தகைய அமைதி வேலைநிறுத்தம் தொடங்கியபின் அதுவரை இருந்ததில்லை.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். தாம் செய்தது இன்னதென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“சார்,” என்றார் உடற்கல்வி ஆசிரியர், மிகத் தாழ்ந்த குரலில். “இப்ப நீங்க பாத்தது வேலை.”

“ஆமா,” என்றார் அவர்.

நண்பகல் இடைவேளையில் மகள் வாயிலருகே வந்தார். கம்பிக் கதவுக்கு உள்ளேயே நின்றார். வெளியே அடி வைக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன, குரலில் நடுக்கம் இல்லை.

“சார்.”

கணக்காசிரியர் எழுந்து சென்றார். “சொல்லுங்க.”

“அது என் கிளாஸ். நான் பாத்துக்கறேன். பசங்க இப்ப என்ன நினைப்பாங்க? வாத்தியார் வெளில இருக்கார், உள்ள இருக்கறது சும்மா பொம்மைன்னுதான நினைப்பாங்க? நீங்க வெளில இருக்கீங்க. வெளிலயே இருங்க.”

“சரிங்க டீச்சர்,” என்றார் அவர்.

அவர் திரும்பி வந்து தம் சோற்றுப் பாத்திரத்தையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டார். வரிசையின் கடைக்கோடியில், தேநீர்க் கடையை ஒட்டிக் கிடந்த குழாயில் போய் அமர்ந்தார். அங்கே கடையின் வானொலி ஓயாது பாடிக்கொண்டிருக்கும். வகுப்பில் நடப்பது ஒன்றும் கேளாது. அன்று மாலையே செயலாளர் பொறுப்பைத் துறந்தார். நாங்கள் தடுத்தோம். உடற்கல்வி ஆசிரியரும் தடுத்தார், உண்மையாகவே தடுத்தார்.

“நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க சார். வாய் சும்மா கீதா எனக்கு?”

“நீங்க சொன்னது சரி. ஸ்ட்ரைக்ல வேலை பாத்தவன் செகரட்டரியா இருக்கக்கூடாது. நீங்க எடுத்துக்குங்க.”

அவ்வாறே பொறுப்பு உடற்கல்வி ஆசிரியரிடம் சென்றது.

மறுநாளும் விமானம் வந்தது. அது போனபின் முரலும் ஒலியும் எழுந்தது. முந்தின நாளைப் போன்ற விளையாட்டாக அன்று அது இல்லை. அந்த ஆசிரியையை அளந்து பார்க்கும் ஒலியாக இருந்தது. நான் கடைக்கோடியைப் பார்த்தேன். கணக்காசிரியர் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மண்ணைப் பார்த்திருந்தார். வானொலியையும் மீறி அவருக்கு அது கேட்டதோ என்னவோ.

வகுப்பில் மகள் இம்முறை காத்திருக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. “பிளேன் போறவரைக்கும் நான் பேசமாட்டேன். நீங்க பாத்துப் போட்டுக்குங்க,” என்றார். கரும்பலகையில் வெறுங்கையால் ஒரு வட்டம் வரைந்தார். வட்டத்திற்கு வெளியே ஒரு புள்ளி வைத்தார். புள்ளியை மையத்தோடு இணைத்தார்; அந்தக் கோட்டை இருசமமாகப் பிரித்தார்; பிரித்த இடத்தை மையமாகக்கொண்டு இன்னொரு வட்டம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைவேகம் மிகுந்திருந்தது, பார்த்துக்கொண்டிருந்தாலன்றித் தொடர இயலாது. முதலில் முன்வரிசையில் ஒலி நின்றது. பையன்கள் குனிந்து கவராயத்தைத் தேடினார்கள். இடையில் ஒருவன், “டீச்சர், அந்த ரெண்டாவது வட்டம் ஏன்?” என்று கேட்டான். அவர் காதில் கைவைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். அவன் பின்னால் திரும்பி, “டேய், நிறுத்துங்கடா,” என்றான். பின்வரிசையில் ஓரிரு மூக்குகள் சிறிது நேரம் தனியே முரன்று, தம் தனிமையை உணர்ந்து, ஓய்ந்தன.

“இப்ப சொல்றேன்,” என்று தொடங்கினார். தொடரின் முடிவில் இனித்து உயரும் அந்தக் குரல் அன்று இல்லை.

மாலையில் நடந்து போகையில் கணக்காசிரியர் என்னிடம் கேட்டார்.

“நின்னுதா ஐயா?”

“நின்னுது.”

“எப்படி?”

கண்டதைச் சொன்னேன்.

“எனக்குத் தோணியிருக்காது,” என்றார். “நான் கத்தியிருப்பேன்.”

அதன்பின்னும் அவர் மகளுக்கு வாயிலில் வணக்கப் பாட்டு ஒருநாளும் பாடப்படவில்லை. அவர் வருவார், தந்தை எழுந்து வணக்கம் சொல்வார், அவரும் சொல்வார், உள்ளே செல்வார். வீட்டில் உப்பு இன்னும் தாயின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வேலைநிறுத்தம் ஒருவாறு முடிந்தது. கேட்டவற்றுள் சில கிடைத்தன. சில பரிசீலனைக்குச் சென்றன. தற்காலிக ஆசிரியர்கள் மறுநாளிலிருந்து வரவேண்டியதில்லை என்று தலைமையாசிரியர் வாய்மொழியாகவே சொல்லி அனுப்பினார். பின்னாளில் முன்னுரிமை தருவார்கள் என்ற பேச்சைப்பற்றி எவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொன்னவர் யாரென்பதும் தெரிந்திருக்கவில்லை. கணக்காசிரியரின் மகள் தம் குடையை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து வீடு சென்றார். மறுநாளே குரோம்பேட்டையில் கைதட்டிப் பாடப் போய்விட்டார்.

பணிக்குத் திரும்புவதற்கு முன்னால் குழாய்களின் மேல் கடைசியாக ஒரு கூட்டம் நடந்தது. தற்காலிகமாக வந்தவர்கள் நடத்திய பாடங்களை நடத்தாதனவாகவே கொள்ள வேண்டும் என்றும், நிறுத்திய இடத்திலிருந்து அனைத்தையும் நாங்களே மீண்டும் நடத்த வேண்டும் என்றும் ஒருமனதாக முடிவு செய்தோம். எங்கள் இடத்தில் எவரும் நின்று பணிபுரிய இயலாது என்பதை நிலைநாட்ட வேறு வழியில்லை என்று கருதினோம். கணக்காசிரியர் கைதூக்கினாரா என்பதை நான் கவனிக்கவில்லை. கூட்டம் முடியும்போது அவர் அங்கே இருந்தார்.

பணிக்குத் திரும்பிய முதல் நாள், முதல் பாடவேளை. என் ஒன்பதாம் வகுப்புக்கும் அவருடைய பத்தாம் வகுப்புக்கும் இடையில் மரத்தடுப்பு மட்டுமே உண்டு. என் மாணவர்கள் செய்யுளை எழுதிக்கொண்டிருந்தமையால் அப்பால் நடந்தது தெளிவாகக் கேட்டது.

“டீச்சர் எதுவரைக்கும் நடத்தியிருக்காங்க?” என்றார் அவர்.

ஒருவன், “எல்லாத்தையும் மொதல்லேர்ந்து நடத்துவீங்கன்னு பி.டி. சார் சொன்னாரு சார்,” என்றான்.

“எதுவரைக்கும்னு கேட்டேன்.”

“வெளிப்புள்ளியிலேர்ந்து தொடுகோடு, சார்.”

“கடைசி பெஞ்ச், நீ வா. போர்டுல போடு.”

பலகையில் சுண்ணக்கட்டி உரசும் ஒலி நெடுநேரம் கேட்டது. இடையில் அது நின்றது. அவர் ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. மீண்டும் உரசியது.

“இந்த ரெண்டாவது வட்டம் ஏன்?”

அவன் சொன்னான். தடுமாறி, ஆனால் தன் சொற்களில், அரைவட்டத்துள் அமையும் கோணம் செங்கோணம் என்பதுவரை சொல்லி முடித்தான்.

“சரி. உக்காரு. எல்லாரும் அடுத்த பாடம் எடுங்க. வட்ட நாற்கரம்.”

இடைவேளையில் உடற்கல்வி ஆசிரியர் அவரிடம் வந்தார். செய்தி அதற்குள் எட்டியிருந்தது. “சார், தீர்மானம் போட்டோமே,” என்றார். செயலாளருக்கு உரிய கடுமை அதில் இருந்தது. அதற்குமேல் ஒரு தயக்கமும் இருந்தது.

“போட்டோம். பையனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாத்தேன், தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சத எப்படிங்க மறுபடி நடத்தறது?”

உடற்கல்வி ஆசிரியர் திடலுக்குத் திரும்பிவிட்டார். மற்றவர்களும் அதை விட்டுவிட்டார்கள். மற்ற வகுப்புகளில் தீர்மானத்தின்படியே பாடங்கள் மீண்டும் நடந்தன.

அன்று மாலை அவரோடு நடந்தபோது, வீட்டுக்குள் வந்துபோகுமாறு என்னை அழைத்தார். மகள் நர்சரியிலிருந்து சற்று முன்னரே திரும்பியிருந்தார்; முன்னறையில் வண்ணத்தாள்களில் பழங்களின் வடிவங்களை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தாள்களை ஒதுக்கி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தந்தை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியபின்னும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தார்.

“கடைசி பெஞ்ச் பையன் தொடுகோடு போட்டான்,” என்றார். “தப்பில்லாம.”

கத்தரிக்கோல் நின்றது. அடுக்களையில் பாத்திர ஓசையும் நின்றது.

“அந்த உயரமானவனா? நெத்தியில தழும்பு?”

“அவன்தான்.”

“காரணம் கேட்டீங்களா? வரைஞ்சுடுவான்ப்பா, கேட்டா முழிப்பான்.”

“கேட்டேன். செமி சர்க்கிள் வரைக்கும் வந்தான்.”

“வந்துட்டானா?” என்றார் மகள். ஓர் ஆப்பிளின் பாதி அவர் கையில் இருந்தது. “மூணு தடவ சொன்னேன் அவனுக்கு. மூணாவது தடவையும் புரியாத மாதிரியேதான் உக்காந்திருந்தான்.”

“அவன் அப்படித்தான். பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் காட்டுவான்,” என்று சொல்லிக்கொண்டே கணக்காசிரியர் மகளுக்கு எதிரே தரையில் அமர்ந்தார். “முன்வரிசையில ஒருத்தன் இருக்கானே, எல்லாத்துக்கும் தலையாட்டறவன். அவனுக்கு ஒண்ணும் ஏறல. நாளைக்கு அவனை எப்படிப் பிடிக்கறது?”

அவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள். காப்பி வந்தது. நான் குடித்துவிட்டு விடைபெற்றபோது இருவரும் தலையை அசைத்தார்கள், ஆனால் நிமிரவில்லை. பழம் வெட்டிய வண்ணத்தாளின் எஞ்சிய ஓரத்தில் தந்தை ஒரு நாற்கரம் வரைந்துகொண்டிருந்தார். மகள் அதைத் தம் பக்கம் திருப்பி வைத்து ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.